ஒன்றேகால் மணி நேரச் சபாநாயகர்

செஞ்சிக் கடைத்தெருவில் மற்றத் தையல்காரர்கள் அளவெடுக்கும் விதம் ஊருக்கே தெரியும். நாடாவை நம் வயிற்றில் சுற்றி, உள்ளே மிஷினில் இருப்பவனுக்குக் கேட்கும்படி "நாப்பத்திரெண்டு!" என்று கூவுவார்கள். தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். உமர் பாரூக் பாய் அப்படிச் செய்ய மாட்டார். நாடாவைப் பிடிப்பார், குனிந்து பார்ப்பார், காதில் செருகிய பென்சிலை எடுத்துத் தன் நோட்டில் தானே எழுதிக்கொள்வார். எவ்வளவு பாய் என்று நாமே கேட்டாலும், "தெச்சிப் போட்டா தெரியும்" என்பார். கூன் முதுகு, சூம்பிய தோள், புதிதாக விழுந்த தொப்பை என்று ஊரில் பாதிப் பேருடைய குறைகள் அந்த நோட்டில் இருந்தன. ஒன்றுகூட வெளியே வந்ததில்லை.

என் குறையும் அதில் இருந்தது. எட்டு வயதில் ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டில் உருண்டு இடது கையை உடைத்துக்கொண்டேன். கட்டுப் போட்டவர் ஒழுங்காகப் போடவில்லை. அந்தக் கை மற்றதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. பாய் தைத்த சட்டையில் அது யாருக்கும் தெரியாது. பெண் பார்க்கப் போனபோது தெரியவில்லை, தாலி கட்டும்போதும் தெரியவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள்தான் என் மனைவி ஜெயம் கண்டுபிடித்து, "அந்த டெய்லர் பெரிய ஆளுதாங்க" என்றாள். அப்படிப்பட்ட மனிதருக்கு நான் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்துவிட்டேன். இனியும் தட்டினால் எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

என் பெயர் பாலசுப்பிரமணியன். அப்போது ஓர் அரசாங்க அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக ஏழு வருஷம் ஓட்டியிருந்தேன். சாயங்காலம் கடைத்தெரு வாசகசாலைக்குச் செயலாளர். சம்பளமில்லாத பதவிதான். ஆனால் சம்பளமில்லாத பதவியில் இருக்கிறவனுக்குத்தான் மண்டைக்கனம் அதிகம் என்பதற்கு நானே சாட்சி.

பாய்க்கு அப்போது அறுபத்து மூன்று வயது. பள்ளிவாசல் தெருவில் வீடு, கடைத்தெருவில் ஒற்றைக் கதவுக் கடை. சேவகர்களுக்குக் காக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீல அரைக்கால் சட்டை, திண்டிவனம் கோர்ட்டு வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு. கோட்டு தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்வார். கோபம் வந்தால் கத்தரிக்கோலை மேஜையில் தட்டுவார். தைத்த துணியை நேரத்துக்கு வந்து வாங்காதவர்களைத் திட்டியே பாதி நாளைக் கழிப்பார். மனைவி ஷரீஃபுன்னிசா. ஒரே மகள் ரோஷன் பீயின் கணவன் ரசூல் என்னைப் போலவே ஒரு தற்காலிகக் குமாஸ்தா. எனக்கு ஏழு வருஷம் என்றால் அவனுக்கு ஒன்பது.

பாய் ஒரு நாள் கோட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கோட்டு போட்டுக்கினு போறவனை வந்து உக்காருங்கன்னுவாங்க தம்பி. போடாதவனை யாருய்யா நீன்னு கேப்பாங்க. நான் எத்தினி பேரை உக்கார வெச்சிருக்கேன் பாரு." அவர் வாழ்நாளில் தனக்கென்று ஒரு கோட்டு தைத்துக்கொண்டதில்லை.

அறுபத்தேழாம் வருஷம் தேர்தல் முடிந்து மெட்ராஸில் ஆட்சி மாறியது. ஊரில் நாலு பேர் கூடினால் சட்டசபைப் பேச்சுதான். வாசகசாலையில் எங்களுக்கும் அரிப்பு வந்துவிட்டது. நாமும் ஒரு மாதிரிச் சட்டசபை நடத்தினால் என்ன என்று முதலில் கேட்டவன் என் நண்பன் ராஜாராம், பள்ளிக்கூட வாத்தியார். தெருவுக்கு ஒருவர், பெரிய தெருவுக்கு இரண்டு பேர் என்று முப்பத்தொரு உறுப்பினர்கள். பிஸ்கட் டின்னில் ஓட்டுச் சீட்டு. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாசகசாலை மாடியில் கூட்டம். எல்லாம் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். பள்ளிவாசல் தெருவில் மட்டும் நிற்பதற்கு ஆள் கிடைக்காமல் பாயைப் பிடித்துப் போட்டோம். போட்டியில்லாமல் ஜெயித்தார்.

சபை நடைமுறை பற்றி நான் ஒரு பழைய புத்தகத்தையும் பத்திரிகைத் துண்டுகளையும் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்திருந்தேன். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்குத் தலைவர் கிடையாது. தலைவர் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது. கூட்டம் நடத்தாமல் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. இந்தச் சிக்கலுக்காகத்தான் மூத்த உறுப்பினர் ஒருவரைத் தற்காலிக சபாநாயகராக உட்கார வைப்பார்கள். அவர் முதலில் உறுதிமொழி எடுப்பார். பிறகு மற்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்து உறுதிமொழி எடுக்க வைப்பார். அதன் பிறகு சபாநாயகர் தேர்தலை நடத்தி, ஜெயித்தவர் பெயரை அறிவிப்பார். ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் புதியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். தற்காலிகமானவர் எழுந்து இறங்கிவிடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. மெட்ராஸில் ஒரு நாளோ இரண்டு நாளோ, செஞ்சியில் ஒரு மணி நேரம்.

சபைக்குள் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தோம். எங்கள் சபாநாயகர் யார் என்பதை இரண்டு கட்சியும் முன்பே பேசி முடித்திருந்தோம். சொக்கலிங்கம், அரிசி மில்காரர் வீட்டு இரண்டாம் மகன். நல்ல குரல். பெஞ்சு, ஜமக்காளம் எல்லாம் அவர்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் ஒரு காரணம். வயதில் மூத்தவர் யார் என்று பார்த்தபோது பாயைத் தவிர வேறு ஆளே இல்லை. புதன்கிழமை அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "சபையின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் தாங்கள் தற்காலிக சபாநாயகராக நியமிக்கப்பட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாது வந்திருந்து சபையை நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே நானே செய்வித்த ரப்பர் ஸ்டாம்பு.

மறுநாள் சாயங்காலம் அவர் கடைப் பக்கம் போனேன். மேஜையில் கறுப்புத் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நல்ல துணி.

"இன்னா பாய், எந்த வக்கீலுக்கு?" என்றேன்.

"வக்கீலுக்கு இல்ல தம்பி. எனக்குத்தான்." தலை நிமிராமல் சொன்னார். ஆனால் காது வரைக்கும் சிரிப்பு. "சபாநாயகர்னு ஸ்டாம்பு அடிச்சி அனுப்பிட்டே. அந்த நாற்காலியில சும்மா சட்டையோட குந்த முடியுமா? பொண்ணுக்கு நிக்காஹ் பண்ணப்ப கூட நான் கோட்டு போடல."

எனக்குப் புரியவில்லை. "பாய், அதுல தற்காலிகம்னு போட்டிருந்தேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். அதுக்கு இன்னா இப்போ? ரசூலு ஒம்பது வருஷமா டெம்பரவரி. நீ ஏழு வருஷமா டெம்பரவரி. யாரையாவது வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா? ஒழுங்கா வேலை செஞ்சா அவங்களே பர்மனென்ட் பண்ணிடுவாங்க. நான் ஒழுங்கா செய்வேன் தம்பி, நீ கவலைப்படாதே."

அப்போதுதான் உறைத்தது. அவர் வீட்டில் தற்காலிகம் என்றால் வருஷக்கணக்கு. என் வீட்டிலும் அதே கணக்குத்தான். இந்தச் செஞ்சியில் அந்த வார்த்தைக்கு ஒரு மணி நேரம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள யாருக்குத்தான் தோன்றும்? அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். பாய், இது அந்த மாதிரி இல்லை, சொக்கலிங்கத்துக்குப் பேசி முடித்தாகிவிட்டது, நீங்கள் இறங்கிவிடுவீர்கள், துணியை வெட்டாதீர்கள் என்று. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

திறந்த வாய்க்குள் வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. சபாநாயகருக்கு ஒரு கறுப்பு அங்கி வேண்டும் என்று ராஜாராம் பத்து நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். பத்திரிகையில் ஏதோ வெளிநாட்டுச் சபாநாயகரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. வாசகசாலையில் விளக்குக்குத் திரி வாங்கவே வக்கில்லை. இதோ, தானாக ஒரு கோட்டு தயாராகிறது. ஞாயிற்றுக்கிழமை பாய் போடட்டும், அப்புறம் சபையிலேயே இருக்கட்டும். இன்னொன்றும் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அவர் வராமலே போய்விடுவார், பிறகு மூத்த உறுப்பினருக்கு நான் எங்கே போவது?

"நல்லா இருக்கும் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு விட்டேனா? டீக்கடையில் ராஜாராமிடமும் இன்னும் நாலு பேரிடமும் இதைக் கதையாகச் சொன்னேன். பாய் குனிந்து கோடு போடுவதை நடித்துக்கூடக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சபையில் பாயைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஊர்க்குறையை எல்லாம் பூட்டி வைத்திருந்தவரின் ஆசையை நான் ஒரே சாயங்காலத்தில் கடைத்தெரு முழுக்கக் கூவி விற்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாடி நிறைந்துவிட்டது. பள்ளிவாசல் தெருவிலிருந்தே இருபது பேர் பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரசூல் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் இருந்தான். ஷரீஃபுன்னிசா ஒரு பெரிய தூக்கு நிறையச் சோமாசி செய்து அனுப்பியிருந்தார். பாய் படியேறி வந்தார். சித்திரை வெயிலில் கழுத்து வரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. அவர் எப்போதும் கொஞ்சம் கூனி நடப்பவர். அன்று நிமிர்ந்து நடந்தார். மாடியில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள், நானும்தான்.

அவர் படிக்க வேண்டியதை எல்லாம் நான் இரண்டு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் தாளை மட்டும் கையில் கொடுத்தேன். இரண்டாவது தாள் என் சட்டைப் பையில் இருந்தது. முந்தின நாளே இரண்டையும் கொடுத்திருந்தால் வீட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்திருப்பார், விஷயம் புரிந்திருக்கும். புரியக் கூடாது என்றுதான் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அப்புறம் பலரிடம் சொன்னேன். அது பொய்.

எங்கள் கவர்னராக வந்திருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இளையபெருமாள் பாய்க்கு உறுதிமொழி செய்து வைத்தார். பாய் மேடை நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து மணியை எடுத்து ஒரு தடவை தட்டினார். பிறகு பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு உறுப்பினராக அழைத்தார். மெதுவாகத்தான் படித்தார். ஆனால் ஒவ்வொரு பெயரையும் அந்த ஆளுக்கு உரிய மரியாதையோடு கூப்பிட்டார். டீக்கடையில் வேலை செய்பவனும் அன்று "திரு" ஆனான். சிரிக்கலாம் என்று வந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

தனகோட்டி என்று ஒரு பையன், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவன். உறுதிமொழியைப் படிக்கும்போது அவனுக்கு நாக்கு புரளவில்லை. ஒரே வார்த்தையை மூன்று தடவை தப்பாகச் சொன்னான். சபை கொல்லென்று சிரித்தது. பாய் மணியைத் தட்டினார்.

"சபையில சிரிப்பு வேணாம். பெரிய வார்த்தை, நாக்கு சுளுக்கத்தான் செய்யும். நீ நிதானமா படி தனகோட்டி, எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. தனகோட்டி முழுவதும் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டான். எங்கள் சபை அதற்கப்புறம் நாலு தடவை கூடியது. அத்தனை கூட்டத்திலும் சபாநாயகர் என்று சொல்லத் தகுந்த ஒரு வார்த்தை அது ஒன்றுதான். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது. குனிந்து அவர் காதில் சொல்லியிருக்கலாம். சொக்கலிங்கத்திடம் போய், இவரே இருக்கட்டுமே என்று கேட்டிருக்கலாம். நான் பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். "சபாநாயகர் பதவிக்குத் திரு சொக்கலிங்கம் அவர்களின் பெயர் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டிருக்கிறது." அங்கே நின்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இது இன்னா? வேற தாள் குடுத்துட்டியா?" என்று மெல்லக் கேட்டார்.

"அதுதான் பாய். படிங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எதிர் வரிசைகளைப் பார்த்தார். ராஜாராம் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தான். பின் வரிசையில் இரண்டு பேர் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார்கள். ரசூல் தரையைப் பார்த்தான். பாய்க்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். குரல் மாறாமல் மிச்சத்தைப் படித்தார். நான் நடை அழகாக இருக்க வேண்டும் என்று மூன்று தடவை திருத்தி எழுதிய வரிகள் அவை.

"வேறு பெயர் எதுவும் வராததால், திரு சொக்கலிங்கம் அவர்கள் சபாநாயகராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கிறேன். அவர் வந்து இந்த இருக்கையில் அமருமாறு அழைக்கிறேன். இத்துடன் என் பணி முடிவடைகிறது."

கைதட்டல் எழுந்தது. இரு கட்சித் தலைவர்களும் சொக்கலிங்கத்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். பாய் எழுந்து, நாற்காலியைத் தன் மேல்துண்டால் ஒரு தடவை தட்டிவிட்டு ஒதுங்கினார். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் மேடையிலிருந்து இறங்கினார். இறங்கிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. சபையில் அவருக்கு இடம் இல்லை. நாற்காலி போட்டவன் நான். மேடைக்கு ஒன்று, கீழே முப்பது என்று போட்டிருந்தேன். சொக்கலிங்கம் மேலே போய்விட்டதால் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். அதில் யாரோ சோமாசித் தூக்கை வைத்திருந்தார்கள். அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பாய் ஜன்னல் ஓரமாக நின்றார்.

வாழ்த்துரைகள் தொடங்கின. நாலாவது ஆள் பேசிக்கொண்டிருந்தபோது ராஜாராம் எழுந்து, "சபாநாயகருக்கு அங்கி போட வேண்டாமா?" என்றான். சபை மறுபடி சிரித்தது. பாயிடம் யாரும் கேட்கவில்லை. அவரே பட்டனைக் கழற்றினார். மேலிருந்து கீழாக ஆறு பட்டன். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்ச் சொக்கலிங்கத்திடம் கொடுத்தார். சொக்கலிங்கம் போட்டுப் பார்த்தார். கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. பட்டன் ஓட்டையை எட்டவில்லை. முன்னைவிடப் பெரிய சிரிப்பு.

"அடுத்த கூட்டத்துக்குள்ள சரி பண்ணிடறேன்" என்று பாய் சொல்லி, கோட்டைத் திரும்ப வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது துணைச் சபாநாயகர் தேர்தல். அதுவும் பேசி வைத்த பெயர்தான். நான் எழுந்து பெயரைப் படிக்கப் போனபோது தனகோட்டி எழுந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

"நான் பாய் பேரைச் சொல்றேன். துணையாவது அவரு இருக்கட்டும்."

எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். பிறகு பள்ளிவாசல் தெருக்காரர்கள் கைதட்டினார்கள். உறுப்பினர்களிலும் ஐந்தாறு பேர் தட்டினார்கள். நான் செய்த பிழையைத் திருத்திக்கொள்ள அந்த மளிகைக் கடைப் பையன் எனக்கு வழி செய்து கொடுத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தைப் புரட்டினேன். "முன்மொழிவை முந்தின நாள் பன்னிரண்டு மணிக்குள் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்க வேண்டும். இப்போது ஏற்க விதியில் இடமில்லை" என்றேன். அந்த விதி மெட்ராஸ் சபைக்கு. மாடியில் மூட்டைப்பூச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எந்த விதி? பாய் ஜன்னலோரத்திலிருந்து கையை ஆட்டினார். "வேணாம் தனகோட்டி, உக்காரு. விதின்னா விதிதான்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் சோமாசியை எல்லோருக்கும் கொடுத்தோம். சொக்கலிங்கம் ஜெயித்ததற்கு என்று சொல்லித்தான் கொடுத்தோம். நானும் இரண்டு தின்றேன். பாய் எப்போது படியிறங்கிப் போனார் என்று கவனிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வராமலிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். கோட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து சொக்கலிங்கத்திடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு நாற்காலி போட்டிருந்தேன். சொக்கலிங்கம் கோட்டைப் போட்டுக்கொண்டார். அளந்து தைத்தது போல இருந்தது. அவருக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், சட்டையில் எப்போதும் தெரியும். கோட்டில் தெரியவில்லை. உள்ளே ஏதோ வைத்துச் சமன் பண்ணியிருந்தார். ஊரே சிரிக்கத் தன்னை இறக்கிவிட்ட நாற்காலியில் உட்கார்ந்தவனுடைய குறையையும் மறைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். சொக்கலிங்கத்துக்கே அது தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரிந்தது.

ஆடி மாதத்துக்குள் சபை கலைந்துவிட்டது. ஆட்கள் வரவில்லை, சொக்கலிங்கம் மில் வேலையில் மூழ்கிவிட்டார். கோட்டு வாசகசாலை ஆணியில் தொங்கியது, கரப்பான் அரித்தது. நான் பாய் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திண்டிவனத்தில் போய்ச் சட்டை தைத்துக்கொண்டேன். அங்கே தைத்தவன் இரண்டு கையையும் ஒரே அளவில் வெட்டினான். இடது கை உள்ளங்கையை மூடித் தொங்கியது. மடித்துவிட்டுக்கொண்டேன். என் ஒரு கை குட்டை என்பது ஒரே மாதத்தில் அலுவலகம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. எனக்கு அது வேண்டியதுதான்.

போன மாதம், அறுபத்தொன்பது சித்திரையில், எனக்கு வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்தது. ரசூலுக்கு முந்தின வருஷமே ஆகியிருந்தது. ஜெயம் சட்டைத் துணி வாங்கி வைத்துவிட்டு, "இதையாவது பாய்கிட்ட குடுங்க. எத்தினி நாளைக்கு மடிச்சி வுட்டுக்கினு திரியப் போறீங்க?" என்றாள். அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. என்ன தெரிந்துகொண்டாளோ தெரியாது.

கடையில் பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். பாய் மிஷினிலிருந்து எழுந்து வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"வா தம்பி. ரொம்ப நாளாச்சி. பர்மனென்ட் ஆயிட்டியாமே, ரசூலு சொன்னான். சந்தோஷம்."

துணியை வாங்கி வைத்துக்கொண்டு நாடாவை எடுத்தார். கழுத்து, மார்பு, வலது கை. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். இரண்டு வருஷமாக மனதில் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "பாய், அன்னிக்கு அந்தக் கோட்டு விஷயத்துல..." என்று ஆரம்பித்துவிட்டேன். குரல் சற்றுப் பெரிதாகவே வந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

பாய் இடது கையைப் பிடித்துத் தோளில் நாடாவை வைத்தார். மணிக்கட்டு வரை இழுத்து, அளவைப் பார்ப்பது போல என் பக்கமாகக் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்.

"துணி வெட்டறப்பவே உனக்குத் தெரியும், இல்ல?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து நோட்டில் எதையோ எழுதினார். பெஞ்சுக்காரர்களில் ஒருவன், "இன்னா பாய், எவ்ளோ?" என்று விளையாட்டாகக் கேட்டான்.

"அது எனக்கும் அவருக்கும்" என்று சொல்லிவிட்டு, பாய் நோட்டை மூடினார். "வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கோ தம்பி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.